பாசாவ் நகரத்து முன்னோர்களைத் தேட: மாட்ரிகுலா தளம், கூடவே ஒரு பழைய வரைபடம்

என் கணவர் வழி முன்னோர்கள் பாசாவ்காரர்கள். டான்யூப், இன், இல்ஸ் மூன்று ஆறுகளும் கூடுகிற பவேரிய நகரம் அது. மாமனாரிடம் இருந்த பழைய தாளில் இல்ஸ்டாட் என்ற பகுதியின் பெயர் இருந்தது. எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வம்சாவளி தேடும் யாரும் பணம் கட்டும் தளங்களுக்குப் போகுமுன் மாட்ரிகுலாவைத் திறந்து பாருங்கள்.

கத்தோலிக்கப் பங்குக் கோவில்களின் ஞானஸ்நான, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். முழுக்க இலவசம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். ஆனால் பெரும்பாலான பதிவேடுகளில் ஆள் பெயரைத் தட்டித் தேட முடியாது. எந்தக் கோவில் என்று தெரிந்திருக்க வேண்டும். பாசாவிலேயே புனித ஸ்தேபான் பேராலயம், புனித பவுல், இன் ஆற்றின் அக்கரையில் ஒன்று, இல்ஸ்டாட்டில் புனித பர்த்தலோமேயு என்று பங்குக் கோவில்கள் பல. ஆகவே தெருவைப் பிடித்துவிட்டு அப்புறம் ஆளைத் தேடுங்கள்.

எழுத்து படுத்தும். குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து. அதற்கும் முந்தைய பக்கங்கள் லத்தீன். 7ber என்று இருந்தால் அது செப்டம்பர் (லத்தீனில் செப்டெம் என்றால் ஏழு), ஜூலை அல்ல. பழகிவிட்டால் ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பம். தகப்பனின் தொழில், வீட்டு எண், ஞானத்தாயின் பெயர் எல்லாம் கிடைக்கும். ஒரு குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் மையில் சின்னச் சிலுவை போட்டிருந்தது. இறப்புப் பதிவேட்டைத் திறந்தேன். சில வாரங்களில் போய்விட்டது. அடுத்துப் பிறந்த பெண்ணுக்கும் அதே பெயரை வைத்திருந்தார்கள். அன்று அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

வீட்டு எண் கிடைத்ததும் பாயர்ன்அட்லாஸுக்குப் போங்கள். பவேரிய அரசின் வரைபடத் தளம், இதுவும் இலவசம். நிலவரிக்காக 1808 முதல் 1864 வரை எடுத்த அளவையை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்து மங்கலாக்கிப் பார்க்கலாம். கட்டிடம் கட்டிடமாக வரைந்திருக்கிறார்கள். ஆற்றோரம் எந்த வரிசை வீடுகள் இன்னும் நிற்கின்றன என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பழைய வீட்டு எண் இன்றைய எண் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கட்டும். வீடு யாருடையது என்று உறுதி செய்ய லாண்ட்ஸ்ஹூட் அரசு ஆவணக்காப்பகத்தின் நிலப்பதிவேடுகள்தான் வழி.

உங்கள் குடும்பம் புராட்டஸ்டன்ட் என்றால் 2015இல் தொடங்கிய ஆர்க்கியோன் தளம். அதற்குச் சந்தா உண்டு. 1876க்குப் பிந்தைய பிறப்பு, இறப்புகளுக்கு நகரப் பதிவு அலுவலகத்தையும் கேளுங்கள்.

மாட்ரிகுலாவில் எனக்கு ரொம்பப் பிடித்தது அது எல்லையோடு நிற்காதது. 1780களில் இரண்டாம் யோசேப்பு பேரரசர் வெட்டிச் சுருக்கும்வரை பாசாவ் மறைமாவட்டம், அதாவது அந்த ஆயரின் நிர்வாகப் பகுதி, ஆஸ்திரியாவுக்குள் வெகுதூரம் போயிருந்தது. அப்படிப் பிரிந்த லின்ஸ் மறைமாவட்டப் பதிவேடுகளும் இதே தளத்தில் இருக்கின்றன. எங்கள் தேடல் இப்போது வடக்கே திரும்பியிருக்கிறது. ஒரு மணமகனின் ஊர் பிராக்காட்டிஸ் என்று திருமணப் பதிவு சொல்கிறது. இல்ஸ்டாட்டிலிருந்து பொதி குதிரைகளில் உப்பு போன பொஹிமிய ஊர் அது. அதன் பதிவேடுகள் செக் நாட்டில் த்ரெபோன் ஆவணக்காப்பகத்தின் தளத்தில் இருக்கின்றன, அதுவும் இலவசமாக.