வேம் பொடி வாங்கலாமா என்று கேட்ட மச்சானுக்கு

இங்கே பர்மாவில் தட்டோனிலிருந்து மச்சான் போன் செய்து, "நீங்க வருஷக்கணக்கா அந்த வேம் பொடி போடுறீங்களே, நானும் வாங்கலாமா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன். வேம் என்பது வேர் உட்பூசணம், அதாவது வேருக்குள் வாழ்ந்துகொண்டு மண்ணிலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸை) செடிக்கு எடுத்துக் கொடுக்கிற பூஞ்சை. இதெல்லாம் உளுந்து போடுகிறவருக்குத் தெரிந்ததுதான்.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். பாக்கெட்டின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் "கிளோமாலின் சக்தி" என்று போட்டிருக்கிறான். கிளோமாலின் என்பது மண் துகள்களைப் பசை மாதிரி ஒட்ட வைக்கும் என்று சொல்லப்படுகிற, இந்தப் பூசணத்தின் புரதம். உள்ளே இருப்பது வித்துகளும் பூசணம் ஏறிய வேர்த்துண்டுகளும் வெர்மிகுலைட் என்ற தாதுத் தூளும்தான். அந்தப் பூசணம் உயிரோடு வேருக்குள் போய், செடி கொடுக்கும் சர்க்கரையில் வளர்ந்து, மண்ணில் இழை விட வேண்டும். இழையின் சுவரில் அந்தப் புரதம் சேர்ந்து, இழை செத்த பிறகுதான் பெரும்பாலும் மண்ணில் தங்கும். பொட்டலத்தில் அடைத்து விற்கிற சமாச்சாரமே இல்லை.

1996-ல் அமெரிக்க வேளாண் துறையின் சாரா ரைட் இந்தப் புரதத்தைக் கண்டு சொன்னார். மண்ணை சிட்ரேட் கரைசலில் போட்டு, அழுத்தத்தில் 121 டிகிரி வரை சூடாக்கினால்தான் அது கழன்று வந்தது. அப்படிச் சூடாக்கும்போது வேறு புரதங்களும் மட்குப் பொருள்களும் சேர்ந்தே வந்துவிடுகின்றன என்பது பின்னால் தெரிந்தது. அதனால் விஞ்ஞானிகளே இப்போது "கிளோமாலின் சார்ந்த மண் புரதம்" என்று அடக்கமாகச் சொல்கிறார்கள். பாக்கெட்டுக்காரனுக்கு மட்டும் அந்த அடக்கம் வரவில்லை.

இன்னொன்று, "எல்லாப் பயிர்களுக்கும்" என்று பின்பக்கத்தில் இருக்கிறது. கடுகுக் கீரை, முட்டைக்கோஸ், முள்ளங்கி இதெல்லாம் இந்தப் பூசணத்தை வேரில் சேர்க்காத குடும்பம். மொன்யின் என்கிற கடுகுக் கீரை இல்லாத வீடு உண்டா பர்மாவில்? அதற்குப் போட்டால் காசு மண்ணோடு போச்சு.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒன்று, உளுந்து வயலில் விளைச்சல் கூடியதாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நின்று, சேறாக உழப்பட்ட நெல் மண்ணில் இந்தப் பூசணம் மெலிந்து போயிருக்கும், அதனால் உளுந்துக்குப் போடுவதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. (வேரில் தெரியும் முடிச்சைக் காட்டி "இதுதான் வேம்" என்கிறார்கள் சிலர். அது ரைசோபியம் என்ற பாக்டீரியாவின் வேலை. வேம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.)

வீட்டுக்குப் பின்னால் இந்தப் பொடி போட்டுக் கத்தரி, மிளகாய் வைத்த பாத்தியில்தான் நான் அசந்து போனேன். பெகு பக்கத்துக் களிமண் எப்படி என்று தெரியுமே, காய்ந்தால் கல், நனைந்தால் சகதி. அந்தப் பாத்தியில் நெல்லிக்காய் அளவு காய்ந்த கட்டி ஒன்றும், வேலியோரத்தில் அதே அளவு ஒன்றும் எடுத்து இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டேன். வேலியோரக் கட்டி பொலபொலவென்று சரிந்து, தண்ணீர் பால் விட்ட டீ மாதிரி ஆகிவிட்டது. பாத்திக் கட்டி குமிழி விட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. மயிர் போன்ற வேர்கள் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்க, அடியில் தூள் கொஞ்சம்தான் இறங்கியது. மறுநாள் காலையிலும் விரலால் எடுக்க முடிந்தது!

வீட்டுக்காரியிடம் காட்டினேன். "வைக்கோல் போட்டதும் கொத்தாம விட்டதும் நான். பொடிக்கு எதுக்கு மாலை?" என்றாள். அதுவும் உண்மைதான். கொத்தினால் இழை அறுந்துபோகும், வைக்கோலும் தன் பங்குக்கு மண்ணைக் கட்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க வழியில்லை.

ஆக, நல்ல பொருள். ஆனால் இந்த வருஷம் நான் வாங்கவில்லை. பர்மாப் பணமான கியாட் விழுந்ததில் விலை ஏறிப்போச்சு, புதுப் பாக்கெட்டில் அந்த "சக்தி" எழுத்து இன்னும் பெரிதாகிவிட்டது. பார்த்ததும் கையிலெடுக்கவே மனசு வரவில்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.

மச்சான், நீங்கள் வாங்குவதாயிருந்தால் நாற்றங்காலுக்கு மட்டும் கொஞ்சம் வாங்குங்கள். காலாவதித் தேதி பாருங்கள். வெயில் படுகிற அலமாரியில் வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள், உள்ளே இருப்பது உயிர். டி-சூப்பர் என்கிற மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டுவிட்டு இதையும் போட வேண்டாம், மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூசணத்தைச் சேர்ப்பதைக் குறைத்துக்கொள்ளும்.