டிசபிலிட்டி பென்ஷன் அப்பீலுக்கு 'கன்சல்டன்சி' பிடிக்கிறவர்கள் கவனத்துக்கு: ரூ.65,000 காலி

தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். ரூ.65,000. ஹவில்தாராக ரிலீஸ் ஆன என் தம்பி, டிசபிலிட்டி பென்ஷன் அப்பீலுக்காகக் கொடுத்த பணம். 'ரெஜிஸ்ட்ரேஷன்' 15,000, 'மெடிக்கல் ஒபீனியன்' 20,000, 'டெல்லி ஃபைலிங்' 30,000. பதிலுக்கு வந்தது ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர். பட்டாளத்தில் கிளார்க்காக இந்தக் காகிதங்களோடே காலம் தள்ளியவன் நான். நேற்று ராத்திரிதான் அந்த ஃபோல்டர் என் கைக்கு வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடவில்லை. வகையைச் சொல்கிறேன்: 'முன்னாள் ராணுவத்தினருக்கு வழிகாட்டி' என்று வீடியோ போட்டு ஆள் பிடிக்கும் தனியார் ஆலோசனை நிறுவனம். போர்டில் வக்கீல் பெயர் கிடையாது. உள்ளே போனால் 'ரிட்டையர்டு சுபேதார்' என்று ஒருவர் எழுந்து நின்று "ஜெய் ஹிந்த்" சொல்வார். எந்தக் கோர், என்ன டிரேடு, எந்த வருஷம் எந்த செக்டர் என்று நம் பாஷையிலேயே கேட்பார். "நம்ம பையன்டா இவன், இவன்கிட்ட ஒழுங்கா வேலையை முடிச்சுக் கொடுங்க" என்று பக்கத்து மேஜைக்கு ஒரு குரல். அங்கேதான் தம்பி விழுந்தான். வெளியாள் யாராவது இப்படிப் பேசியிருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பான். பட்டாளத்து வார்த்தை காதில் விழுந்ததும் பர்ஸைத் திறந்துவிட்டான்.

அவன் கேஸ் சிக்கலானதே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பட்டாளத்தை விட்டு வரும்போது நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டில் பிரைமரி ஹைப்பர்டென்ஷன், அதாவது உயர் ரத்த அழுத்தம், 30 சதவீதக் குறைபாடு, ஆயுள் முழுக்க. ஆனால் 'நானா', அதாவது சர்வீஸால் வந்ததும் இல்லை, சர்வீஸால் அதிகமானதும் இல்லை என்று முத்திரை. டிசபிலிட்டி எலிமென்ட், அதாவது பென்ஷனில் குறைபாட்டுக்கான பங்கு, கிடைக்க இரண்டு நிபந்தனை: குறைபாடு 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அது சர்வீஸால் வந்ததாகவோ சர்வீஸால் அதிகமானதாகவோ ஏற்கப்பட வேண்டும். முதலாவது அவனுக்கு இருக்கிறது. இரண்டாவதில்தான் நிராகரிப்பு. நிராகரிப்புக் கடிதத்திலேயே, ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் செய்யலாம் என்றும் அச்சடித்திருக்கிறது.

இனி அந்த ரூ.65,000 ஃபோல்டருக்கு வருவோம். உள்ளே இருக்கும் அப்பீலில் தம்பி பெயர், ஆர்மி நம்பர் எல்லாம் சரி. மூன்றாவது பாராவில் வியாதி மாறிவிடுகிறது: 'லம்பார் ஸ்பாண்டிலோசிஸ்'. வேறு யாருடைய முதுகுவலியையோ இவன் ரத்த அழுத்தத்தின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். கோரிக்கைப் பகுதியில் 'வார் இஞ்சுரி எலிமென்ட்' கேட்டிருக்கிறார்கள். போர்க்காயமே இல்லாதவனுக்கு! அதோடு 30 சதவீதத்தை 75 ஆக 'ரவுண்ட் ஆஃப்' செய்யச் சொல்லி ஒரு வரி. கணக்கு அப்படிக் கிடையாது. 50க்குக் கீழ் இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, 76 முதல் 100 வரை 100. டென்யூர், அதாவது பணிக்காலம், முடித்து வந்தவர்களுக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 30 சதவீதக்காரருக்கு 75 வாங்கித் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் அவன் பொய் சொல்கிறான்.

ரூபாயில் பாருங்கள். கடைசிச் சம்பளம், எம்எஸ்பி (மிலிட்டரி சர்வீஸ் பே) சேர்த்து, 48,000 என்று வையுங்கள். 100 சதவீதக் குறைபாட்டுக்கு டிசபிலிட்டி எலிமென்ட் அதில் 30 சதவீதம், 14,400. வெறும் 30 சதவீதக் குறைபாட்டுக்கு 4,320. அது 50 ஆக ஏறினால் 7,200, அதன் மேல் டிஆர் (அகவிலை நிவாரணம்). மாதா மாதம், ஆயுள் வரை. இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த ஆட்கள் நம்மிடம் பேரம் பேசுகிறார்கள்.

ஹைப்பர்டென்ஷன் கேஸை எழுதத் தெரிந்தவன் 'அட்ரிபியூட்டபிள்' (சர்வீஸால் வந்தது) என்று முட்டிக்கொண்டு நிற்க மாட்டான். ராணுவ டாக்டர்களுக்கான 2008 மெடிக்கல் கைடு அந்த வழியை அடைத்துவிட்டது. ஆனால் ஃபீல்ட் ஏரியா, உயர்மலைப் பகுதி, கிளர்ச்சி ஒடுக்கும் பணி, நீண்டகாலக் கப்பல் பணி இவற்றில் இருக்கும்போது வந்திருந்தால் சர்வீஸால் அதிகமானதாக எடுத்துக்கொள்ளப்படும் என்று அதே கைடு சொல்கிறது. 'அக்ரவேட்டட்' என்றுதான் கேட்க வேண்டும். நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: முதன்முதலில் வியாதி கண்டுபிடிக்கப்பட்ட தேதியில் ஆள் எங்கே இருந்தான்? தம்பி அப்போது ஃபீல்டில். போர்டு தாளில், ஏஎஃப்எம்எஸ்எஃப்-16இல், போஸ்டிங் பட்டியலில் ஃபீல்ட், பீஸ் என்று தேதியோடு இருக்கிறது. முதல் தடவை லோ மெடிக்கல் கேட்டகரி, அதாவது உடல்தகுதி குறைந்தவன், என்று ஆக்கிய ஏஎஃப்எம்எஸ்எஃப்-15 தாளில் வியாதி தொடங்கிய தேதி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி அப்பீல் முடிந்தது. ரூ.65,000 வாங்கியவர்கள் இந்த இரண்டு தாளையும் பிரித்துப் பார்த்த அடையாளமே இல்லை.

மீதிப் பாதி 2013இல் சுப்ரீம் கோர்ட்டில் வந்த தரம்வீர் சிங் தீர்ப்பு. சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் வியாதி குறிக்கப்படவில்லை என்றால், பிறகு வந்ததை சர்வீஸோடு சேர்த்தே அனுமானிக்க வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுக்கு. போர்டு காரணம் எழுத வேண்டும். 'கான்ஸ்டிட்யூஷனல் டிஸார்டர்' (உடல்வாகால் வந்த கோளாறு) என்று ஒற்றை வரி போட்டிருந்தால் அது காரணம் ஆகாது என்று அப்பீலில் அடித்து எழுதலாம்.

ஒரு விஷயம். 2023 செப்டம்பர் 21 முதல், யாருக்கு இந்தப் பென்ஷன் உண்டு என்று சொல்லும் என்டைட்டில்மென்ட் ரூல்ஸ் புதிது. அதற்குப் பிறகு ரிலீஸ் ஆனவர்களுக்கு விதி வேறு, மெடிக்கல் கைடும் வேறு. ரிலீஸ் தேதியைக் கேட்காமலேயே "கண்டிப்பா வாங்கிடலாம்" என்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் போன பிறகு கேட்க வேண்டுமே கதையை. "ஃபைல் டெல்லில இருக்கு சார்." "கமிட்டி மீட்டிங் தள்ளிப் போச்சு." "டாக்டர் ஒபீனியன்ல கையெழுத்து பாக்கி." அப்புறம் போனை எடுப்பது ஒரு பெண்: "சார் ஹியரிங்ல இருக்காரு." எந்த ஹியரிங்? முதல் அப்பீல் கமிட்டி காகிதத்தைப் பார்த்து முடிவெடுப்பது, அங்கே இவர் யாரிடம் வாதாடுகிறார்? டைரி நம்பர் என்று ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். தம்பி ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போட்டான், பத்து ரூபாய். அப்படி ஒரு அப்பீலே வரவில்லை என்று, பட்டாளத்தில் அவன் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் எழுத்தில் பதில் கொடுத்தது. அதைக் காட்டிக் கேட்டபோது அந்த ரிட்டையர்டு சுபேதார் சொன்னது: "நாங்க வாங்கினது சர்வீஸ் சார்ஜ் தம்பி. ரிசல்ட்டுக்கு கேரண்டி கொடுத்தோமா?" ரிசல்ட்டை யார் கேட்டது, தபாலில் போட்டீர்களா என்றுதானே கேட்டான்.

ரூ.65,000 போனதைக்கூட ஜீரணித்துக்கொள்ளலாம். ஆறு மாதக் கெடுவைத் தின்றுவிட்டார்கள். இனி தாமதத்துக்குக் காரணம் எழுதி, கெஞ்சி உள்ளே போக வேண்டும். ராணுவத்தினர் வழக்குகளுக்கான ஆர்ம்ட் ஃபோர்சஸ் டிரிப்யூனலுக்குத் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் உண்டு, பென்ஷன் தொடர்ந்து வரும் உரிமை என்பதால் கதவு மொத்தமாக மூடிவிடாது. ஆனால் சுப்ரீம் கோர்ட்டின் 2008 தர்செம் சிங் தீர்ப்புப்படி, தாமதமாகப் போனால் அரியர்ஸ் பொதுவாக வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும். அதற்கு முன்னால் உள்ளது கிடைப்பது கஷ்டம்.

இன்னொரு அயோக்கியத்தனம். அரியர்ஸில் 25 சதவீதம் தர வேண்டும் என்று முத்திரைத் தாளில் எழுதி, தொகை போடாத இரண்டு செக்கில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். இனி வரப்போகும் பென்ஷனை எழுதிக் கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் 1871 பென்ஷன் சட்டம் 12ஆம் பிரிவுப்படி செல்லாது. அவர்கள் வக்கீல் என்றே வைத்துக்கொண்டாலும் கிடைப்பதில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிப்படி தப்பு. செக்குகளுக்கு பேங்கில் 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்தாயிற்று.

விவரமாக வழிமுறை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவை:

ராணுவப் பென்ஷன் வழங்கும் இணையதளமான ஸ்பர்ஷின் ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். பேங்க் கணக்கு, மொபைல் நம்பர் எல்லாம் அதன் வழியாகத்தான் மாறும். தம்பியிடமும் கேட்டிருக்கிறார்கள், நல்லவேளை அன்று சிக்னல் இல்லை.

ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் ஆணை), போர்டு தாள் வெளியே போகக் கூடாது. நகல் மட்டும். போர்டு தாள் உங்களிடம் இல்லையென்றால் ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஆர்டிஐ. 30 நாளில் பதில் தர வேண்டும். காயம் என்றால் இஞ்சுரி ரிப்போர்ட்டும் கோர்ட் ஆஃப் என்கொயரி நகலும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்பீலை நீங்களே கையெழுத்திட்டு, நீங்களே ஸ்பீட் போஸ்டில் போடுங்கள். முதல் அப்பீலுக்குக் கட்டணம் கிடையாது. எழுத உதவி வேண்டுமானால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. முதல் அப்பீல் தோற்றால் இரண்டாவது அப்பீல், பிறகு டிரிப்யூனலின் சென்னை பெஞ்ச். அங்கே வக்கீல் இல்லாமல் நேரிலும் வாதாடலாம். 1987 சட்ட சேவைகள் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், ஆன்லைன் பண மோசடிக்கான உதவி எண் 1930க்கு உடனே போன் செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷம் கெடு, கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. ரூ.65,000க்கு அவர்கள் ரசீது தரவில்லை, ஆகவே யுபிஐ ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் ஆடியோ எதையும் அழிக்காதீர்கள். போன் மாற்றுவதாக இருந்தால் முதலில் பேக்கப் எடுங்கள்.