கமிட் மெசேஜ் விதி: எந்தக் கட்டத்தில் தடுப்பது?

கிட்டில் கோட் மாற்றத்தைப் பதிவு செய்வதுதான் கமிட்; அதோடு எழுதும் குறிப்பு, அதாவது கமிட் மெசேஜ், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று டீமுக்கு ஒரு பக்கம் எழுதி வைப்பது சுலபம். பெரும்பாலும் கன்வென்ஷனல் கமிட்ஸ் வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். புதிய வசதி என்றால் ‘ஃபீட்’, பிழைத்திருத்தம் என்றால் ‘ஃபிக்ஸ்’, ஒரு முக்காற்புள்ளி, பிறகு ஒரு வரிச் சுருக்கம். கொஞ்ச நாள் எல்லோரும் ஒழுங்காக எழுதுவார்கள். அப்புறம் ‘சேஞ்சஸ்’, ‘ஃபைனல் ஃபிக்ஸ்’ என்று பழையபடி வர ஆரம்பிக்கும். விதியை மீறினால் எங்கே தடுப்பது என்பதை முடிவு செய்யாததுதான் காரணம்.

பலரும் முதலில் கை வைப்பது லோக்கல் ஹூக்கில், அதாவது கமிட் அடிக்கும்போது நம் கணினியிலேயே தானாக ஓடும் ஸ்கிரிப்டில். ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட் என்றால் ஹூக்கைப் பொருத்தும் ஹஸ்கியும், மெசேஜின் வடிவத்தைச் சோதிக்கும் லின்ட்டரான கமிட்லின்ட்டும். கமிட் அடித்த அந்த நொடியிலேயே தவறு தெரிந்துவிடும், அதே இடத்தில் திருத்திவிடலாம். இந்த வேகம் வேறு எந்த வழியிலும் கிடைக்காது. ஆனால் இதைக் கட்டாயம் என்று சொல்ல முடியாது. ரெப்போவை (ப்ராஜெக்டின் கோட் களஞ்சியத்தை) க்ளோன் செய்து நகலெடுக்கும்போது கிட் ஹூக்குகள் கூடவே வருவதில்லை. ஹஸ்கி அவற்றை, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் இன்ஸ்டால் நேரத்தில் பொருத்துகிறது. அதே ரெப்போவில் பைத்தான் பக்கம் மட்டும் வேலை செய்பவர் என்பிஎம்மையே தொடமாட்டார். அவசரத்தில் இருப்பவர், ஹூக்கைத் தவிர்க்கும் ‘நோ-வெரிஃபை’ ஆப்ஷனைப் போட்டுத் தாண்டிவிடுவார். கோடை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் பக்கத்திலேயே ஃபைலைத் திருத்திச் சேமித்தால் லோக்கல் ஹூக் ஓடவே ஓடாது.

அதே கமிட்லின்ட்டை சிஐயில் (புஷ் செய்த கோடைத் தானாகச் சோதிக்கும் ஏற்பாட்டில்) ஓடவிட்டு, அது பாஸ் ஆகாமல் மெயின் பிராஞ்சோடு மெர்ஜ் கிடையாது என்று வைத்தால் தப்பிக்க வழியில்லை. சிக்கல் என்னவென்றால் தகவல் தாமதமாக வருகிறது. ஐந்து கமிட் உள்ள பிஆரில் (மெர்ஜ் செய்யக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட்டில்) மூன்றாவதன் மெசேஜ் மட்டும் தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டராக்டிவ் ரீபேஸ் செய்து (பழைய கமிட்களைத் திருத்தி எழுதி), அந்த வரியை மாற்றி, சர்வரில் இருப்பதன் மேல் எழுத ஃபோர்ஸ் புஷ் செய்ய வேண்டும். அதற்குள் யாராவது ரிவ்யூ செய்திருந்தால் அவர்களுடைய கமென்ட்கள் பழைய கமிட்டோடு நின்றுவிடலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு எழுத்துக்காக ரீபேஸ் கற்றுக்கொடுக்கும் நிலை எனக்குப் பிடிப்பதில்லை. இன்னொன்று: கிட்ஹப்பின் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் (கோடை இறக்கும் படி), சொல்லாவிட்டால் ஒரே ஒரு கமிட்டைத்தான் இறக்கும். எத்தனை கமிட்களை இறக்குவது என்று சொல்லும் ஃபெட்ச் டெப்த்தை 0 (முழு வரலாறு) என்று வைக்காவிட்டால் முந்தைய கமிட்களை லின்ட்டரால் பார்க்க முடியாது.

சர்வரில் ப்ரீ-ரிசீவ் ஹூக் (புஷ்ஷை ஏற்பதற்கு முன் ஓடும் ஸ்கிரிப்ட்) வைப்பது எல்லாவற்றிலும் கண்டிப்பானது. ஒரு மெசேஜ் தவறினாலும் மொத்த புஷ்ஷும் திரும்பிவிடும். சொந்த சர்வர் இருந்தால் வைக்கலாம். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லாபில் கட்டணத் திட்டத்தில், இதே வேலைக்குப் புஷ் ரூல்ஸ் உண்டு. கிட்ஹப்.காமில் உங்கள் ஸ்கிரிப்டைப் போட முடியாது. இந்த வகையில் நான் மதிப்பது கோட் ரிவ்யூ கருவியான கெரிட் செய்யும் ஏற்பாட்டை. அதன் லோக்கல் ஹூக், மெசேஜின் கடைசியில் சேஞ்ச்-ஐடியை (அந்த மாற்றத்தின் அடையாள எண்ணை) தானே எழுதிவிடும். அது இல்லாமல் புஷ் செய்தால் சர்வர் மறுக்கும். மறுக்கும்போதே ஹூக்கை எப்படி நிறுவுவது என்றும் சொல்லிவிடும்.

சரி, சாதாரண டீம் எதை எடுப்பது? என் தேர்வு ஸ்குவாஷ் மெர்ஜ், அதாவது பிஆரின் எல்லாக் கமிட்களையும் ஒன்றாகச் சுருக்கி மெர்ஜ் செய்வது. பிராஞ்சுக்குள் யார் எப்படி வேண்டுமானாலும் கமிட் செய்யட்டும். மெயினுக்குப் போவது ஒரே கமிட், அதன் முதல் வரி பிஆர் டைட்டில். அந்த ஒரு வரியை மட்டும் சிஐயில் சோதித்தால் போதும். தவறினால் பிரவுசரிலேயே திருத்தலாம், ரீபேஸ் வேண்டாம். ஆனால் ஒரு செட்டிங்கைக் கவனிக்க வேண்டும். பிஆரில் ஒரே கமிட் இருந்தால் கிட்ஹப் வழக்கமாக டைட்டிலை விட்டுவிட்டு அந்தக் கமிட்டின் மெசேஜைத்தான் எடுக்கும். ரெப்போ செட்டிங்ஸில் பிஆர் டைட்டிலையே எடுக்கச் சொல்லி மாற்றிவிடுங்கள். பிஆர்கள் பெரிதாக இருக்கும் டீமுக்கு இது சரிவராது. பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று தேடும் கிட் பைசெக்ட், குற்றவாளிக் கமிட்டைக் கண்டுபிடித்தாலும் அதற்குள் நூற்றுக்கணக்கான வரிகள் கிடக்கும்.

இவை எல்லாமே சோதிப்பது வடிவத்தைத்தான். ‘ஃபிக்ஸ்: பில் தொகை மாற்றம்’ என்று எழுதினால் எந்த லின்ட்டரும் பாஸ் போட்டுவிடும். ‘ஃபிக்ஸ்: வரித்தொகையை மொத்தத்தில் ஒரே முறை ரவுண்ட் செய்’ என்று எழுதி, கீழே ‘பொருள்வாரியாக ரவுண்ட் செய்ததால் சில பில்களில் மொத்தம் ஒரு பைசா கூடியது’ என்று சேர்த்தால், அடுத்த வருடம் அந்தக் கோட் வரியைத் திறப்பவருக்கு உயிர் வரும். இந்த வித்தியாசம் மனிதக் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

லினக்ஸ் கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) இந்தச் சோதனையை மனிதர்கள்தான் செய்கிறார்கள். வரி நீளம் போன்றவற்றுக்கு செக்பேட்ச் ஸ்கிரிப்ட் உண்டு. ஆனால் மாற்றம் ஏன் தேவை என்று விளக்காத பேட்ச்சை (அனுப்பிய மாற்றத்தை) அந்தப் பகுதியின் பொறுப்பாளரான மெயின்டெய்னர் திருப்பி அனுப்புவார். பிழைத்திருத்தம் என்றால், பிழையை உண்டாக்கிய பழைய கமிட்டின் அடையாளத்தில் முதல் 12 எழுத்துகளையாவது ‘ஃபிக்ஸஸ்’ வரியில் தருவது அங்கே வழக்கம். எந்தப் பழைய பதிப்புகளுக்குத் திருத்தத்தைக் கொண்டுபோவது என்று தீர்மானிக்க அந்த வரி உதவுகிறது.

கமிட் மெசேஜைப் பார்த்துப் பதிப்பு எண்ணை ஏற்றித் தானாக வெளியிடும் செமான்டிக்-ரிலீஸ் கருவியைப் பயன்படுத்தும் டீமில் ரிவ்யூ செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது டைட்டிலை. ‘ஃபிக்ஸ்’ என்றால் பேட்ச் எண் (பதிப்பு எண்ணின் மூன்றாவது பகுதி) ஏறும், ‘ஃபீட்’ என்றால் மைனர் எண் (இரண்டாவது பகுதி) ஏறும். பழைய பயனர்களை உடைக்கும் மாற்றத்தை ‘ஃபிக்ஸ்’ என்று எழுதினாலும் லின்ட்டர் பச்சை காட்டும், ரிலீஸ் தானாகப் போய்விடும். என்பிஎம்மில் ஒருமுறை வெளியிட்ட பதிப்பு எண்ணை, நீக்கினாலும்கூட, மறுபடி பயன்படுத்த முடியாது.