முழு வீச்சா, தொட்டுவிட்டு ஓடுவதா? ஹோம்ரன் ஆட்டக்காரரும் ஸ்ட்ரைக்அவுட்டும்

பேஸ்பாலில் ஹோம்ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) அடிக்கத் தெரிந்தவர் ஸ்ட்ரைக்அவுட்டை (அடிக்க வேண்டிய பந்தை மூன்று முறை, அதாவது மூன்று ஸ்ட்ரைக், தவறவிட்டு அவுட் ஆவதை) குறைக்கப் பாடுபட வேண்டுமா, இல்லை முழு வீச்சில் வீசிவிட்டு வருவது வரட்டும் என்று இருக்கலாமா? மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு இந்த வழக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அமெரிக்கக் கோடையில் நியூயார்க்கில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை ஏழு மணிக்கு வருகிறது. ரொட்டி சானாய்த் தட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்க்கிற கூட்டம் இங்கே சின்னதாக இருந்தாலும் இருக்கிறது. அதைவிட முக்கியம், தோட்டத்துப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பேஸ்பால் போலவே ஆடும் சாஃப்ட்பால் மட்டையைப் பிடிக்கிறார்கள், பாடாங் (திடல்) ஓரத்தில் நின்று நாம் கத்துகிற வார்த்தைதான் அந்தப் பிள்ளையின் வீச்சையே மாற்றுகிறது. அதனால் இதை ஒழுங்காகப் பேச வேண்டும்.

முதலில் முழு வீச்சுக் கட்சி. இந்தப் பக்கத்துக்கு அமெரிக்காவின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் ஆடிய ஜோயி கேலோவைவிட நல்ல சாட்சி கிடையாது. 2021-இல் அவர் 213 முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனார், அடி சராசரி (அடித்துத் தப்பிய விகிதம்) 0.199. கேட்டால் 'இவனை ஏன் அணியில் வைத்திருந்தார்கள்' என்று தோன்றும். அவருக்கு எதிர்முனையில் லூயிஸ் அராயஸை நிறுத்துங்கள். 2024-இல் சராசரி 0.314, மேஜர் லீக்கின் இரண்டு பிரிவில் ஒன்றான தேசிய லீக்கின் பேட்டிங் பட்டம், ஆண்டு முழுக்க வெறும் 29 ஸ்ட்ரைக்அவுட். சரி, இப்போது எத்தனை முறை அவுட் ஆகாமல் பேஸுக்கு (ஓடிச் சுற்ற வேண்டிய நான்கு நிலைகளில் ஒன்று; முழுதும் சுற்றி வந்தால் ஒரு ரன்) போனார்கள் என்கிற விகிதத்தைப் பாருங்கள்: கேலோ 0.351, அராயஸ் 0.346. கேலோதான் ஒரு மயிரிழை மேலே இருக்கிறார்! காரணம் 111 வாக். அவரிடம் நடுவில் ஒரு பந்தைப் போட்டால் அது வேலிக்கு வெளியே போய்விடும் என்று பந்து வீசும் பிட்சருக்குப் பயம், அதனால் ஓரத்தில் போட்டுப் பார்க்கிறார், அது தவறுகிறது, நான்கு பந்து வெளியே போனால் அடிக்காமலே முதல் பேஸ், அதுதான் வாக். அராயஸைக் கண்டு அந்தப் பயம் யாருக்கும் இல்லை, அவருக்கு 24 வாக்தான். இதற்கு மேல் கேலோவுக்கு 38 ஹோம்ரன், அராயஸுக்கு 4. மட்டை வேகத்தை அளக்க ஆரம்பித்த பிறகு அராயஸ் பட்டியலின் அடியில் மணிக்கு 60 மைலைச் சற்றே தாண்டி நிற்கிறார், ஹோம்ரன் ஆட்டக்காரர் ஜான்கார்லோ ஸ்டான்டன் உச்சியில் 80-ஐத் தொட்டு நிற்கிறார். இருவரும் இரண்டு வேறு தொழில் செய்கிறார்கள் என்றே சொல்லலாம்.

ஸ்ட்ரைக்அவுட்டும் ஓர் அவுட்தான், கேட்ச் கொடுத்ததும் ஓர் அவுட்தான். நீண்ட கால ஆட்டக் கணக்கில் இரண்டுக்கும் உள்ள சராசரி வித்தியாசம் ஒரு ரன்னில் நூறில் ஓரிரு பங்கு, அவ்வளவே. பந்து மட்டையில் பட்டால் ஆள் முன்னேறலாம் என்பது உண்மை. ஆனால் முதல் பேஸில் ஆள் நிற்கும்போது அதே பந்து நேராகத் தரையில் போனால் ஒரே அடியில் இரண்டு பேர் அவுட், இதுதான் டபுள் பிளே. ஆல்பர்ட் புஜோல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் 49 ஹோம்ரன், 50 ஸ்ட்ரைக்அவுட், இப்படி ஒரு ஆண்டை இந்தக் காலத்தில் கனவில்தான் காண முடியும். ஆனால் தரைப்பந்து அடித்து டபுள் பிளேயில் மாட்டியதில் வரலாற்றிலேயே முதல் ஆள் அவர்தான், மொத்தம் 426 முறை. பந்தைத் தவறவிடாத மெதுவான ஓட்டக்காரர் கொடுக்கிற விலை அது.

அப்புறம் 'கொஞ்சம் மெதுவாக வீசினால் என்ன' என்பவர்களுக்காக ஒரு கைக்கணக்கு. வீச்சைச் சுருக்கியதால் ஆண்டுக்கு 40 ஸ்ட்ரைக்அவுட் மிச்சமானது என்று வையுங்கள். ஆட்டத்துக்குள் வரும் பந்தில் பத்துக்கு மூன்று ஹிட் (அவுட் ஆகாமல் தப்பும் அடி) ஆகும் என்பது வழக்கமான விகிதம், ஆக 12 ஹிட், பெரும்பாலும் சிங்கிள் (ஒரு பேஸ் அடி). ஒரு அவுட் சிங்கிளாக மாறினால் முக்கால் ரன் லாபம், மொத்தம் ஒன்பது ரன். அதே சுருக்கலில் ஐந்து ஹோம்ரன் அவுட்டாகிப் போனால் எட்டு ரன்னுக்கு மேல் நஷ்டம். ஏறக்குறைய நேர். ஆனால் பலவீனமாகத் தொட்ட பந்து பத்துக்கு மூன்று விழுவது கஷ்டம், டபுள்களும் (இரண்டு பேஸ் அடி) குறையும், பிட்சரின் பயம் தெளிந்ததும் வாக்கும் குறையும். நாற்பதை மிச்சப்படுத்த ஐந்து ஹோம்ரனுக்கு மேல் இழக்கிற ஆள் சுருக்கவே கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும், தொட்டுவிடு கட்சியை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 2015-இன் ஐந்தாவது ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு மேஜர் லீக்கிலேயே குறைவாக ஸ்ட்ரைக்அவுட் ஆன அணி கன்சாஸ் சிட்டி ராயல்ஸ். நியூயார்க்கில் வழக்கமாகக் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், எதிரணி மெட்ஸ் 2-0 முன்னிலை. ராயல்ஸின் எரிக் ஹோஸ்மர் டபுள் அடித்து ஒரு ரன் வந்தது. அடுத்து மைக் மூஸ்டாகஸ் தரைப்பந்து அடித்து அவுட், ஆனால் ஹோஸ்மர் மூன்றாவது பேஸுக்குப் போய்விட்டார். அடுத்து சல்வடோர் பெரெஸ், அவரும் மட்டை உடைந்தது போல ஒரு சப்பைத் தரைப்பந்து. மெட்ஸின் டேவிட் ரைட் அதை எடுத்து ஹோஸ்மரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதல் பேஸுக்கு எறிந்தார், அவர் கையை விட்டுப் பந்து போனதும் ஹோஸ்மர் வீட்டுத் தட்டை (தொட்டால் ரன் கிடைக்கும் கடைசி பேஸ்) நோக்கிப் பாய்ந்தார், முதல் பேஸிலிருந்து லூக்காஸ் டூடா எறிந்த பந்து, அங்கே பந்து பிடிக்க நிற்கும் கேட்சருக்கு எட்டாமல் விலகிப் போனது. 2-2. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ராயல்ஸ் 7-2 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. இரண்டு அவுட், இரண்டும் உருப்படாத அடி, இரண்டும் ஸ்ட்ரைக்அவுட்டாக இருந்திருந்தால் ஹோஸ்மர் இரண்டாவது பேஸிலேயே நின்றிருப்பார். சராசரியில் தெரியாத வித்தியாசம் அந்த ஒரு நிமிடத்தில் கோப்பை அளவுக்குப் பெரிதானது.

முழு வீச்சுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹோம்ரன் வற்றினால் கையில் வேறு எதுவும் மிஞ்சாது. கேலோ அடுத்த ஆண்டே 0.160-க்கு இறங்கினார். கிறிஸ் டேவிஸ் 2013-இல் 53 ஹோம்ரன் அடித்தவர், 2018-இல் சராசரி 0.168, பிறகு தொடர்ச்சியாக 54 முறை ஹிட்டே இல்லாமல் போனார். அவர்களைத் திட்ட மனம் வரவில்லை; பார்க்கவே வேதனையாக இருந்தது.

பழைய காலத்து நட்சத்திரம் ஜோ டிமாஜியோவின் கணக்கை எடுத்து நீட்டுபவர்கள் உண்டு: வாழ்நாளில் 361 ஹோம்ரன், 369 ஸ்ட்ரைக்அவுட். அபூர்வமான ஆட்டம்தான். ஆனால் இப்போதைய பிட்சரின் சராசரி வேகப்பந்தே மணிக்கு 94 மைல், ஓர் இன்னிங்ஸ் மட்டும் போட்டுவிட்டு ஓய்வெடுக்கப் போகிற புதுக் கை அடுத்தடுத்து வருகிறது. அந்தக் காலத்து எண்ணை இன்றைய பிள்ளையிடம் கேட்பது நியாயமில்லை.

இந்த இரண்டு கட்சிக்கும் பதில் சொன்ன ஆள் ஆரோன் ஜட்ஜ். 2017-இல் முதல் முழு ஆண்டிலேயே 52 ஹோம்ரன், 208 ஸ்ட்ரைக்அவுட்; மட்டையோடு இறங்கிய நூற்றுக்கு 31 முறை அப்படிப் போனார். அந்த ஆண்டு கிளீவ்லாந்துக்கு எதிரான ஐந்து ஆட்டத் தொடரில் 16 ஸ்ட்ரைக்அவுட், கடைசியில் விலகி வெளியே விழுகிற ஸ்லைடர் பந்தைத் துரத்தித் துரத்தி. 2024-க்கு வாருங்கள்: 58 ஹோம்ரன், 133 வாக், சராசரி 0.322, ஸ்ட்ரைக்அவுட் நூற்றுக்கு 24. மட்டை வேகத்தில் இன்றும் அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். வீச்சு குறையவில்லை, வெளியே போகிற பந்தைத் தேடிப் போவதுதான் குறைந்தது. செம்பனையில் குலை வெட்டுகிறவர், தரையில் உதிர்ந்த பழம் கிடக்கிறதா என்று பார்த்துத்தான் அரிவாளைத் தூக்குவார், தூக்கிய பிறகு கையில் தயக்கம் இருக்காது. ஜட்ஜ் செய்வது அதுதான். பந்தைத் தேர்ந்தெடுப்பதில் வருகிற குறைவு இலவசம், வீச்சைச் சுருக்கி வருகிற குறைவுக்கு ஹோம்ரனில் வட்டி கட்ட வேண்டும். என் தீர்ப்பு இவ்வளவுதான்.

ஆனால் நம் பாடாங்கில் கணக்கு கொஞ்சம் மாறும், இதை அமெரிக்க எண்களை மட்டும் படிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். மேஜர் லீக்கில் தரைப்பந்து என்றால் பெரும்பாலும் அவுட். இங்கே மாலை மழை பெய்து காய்ந்த மண், மூன்றாவது பேஸுக்குப் பக்கத்தில் மேடும் பள்ளமும், பந்து ஒரு முறை நெஞ்சுக்கு எழும்பும், அடுத்த முறை காலுக்கடியில் புகுந்து ஓடும். பதினான்கு வயதுப் பிள்ளை அதைப் பிடித்துச் சரியாக எறிவதற்குள் ஓடுகிறவள் இரண்டாவது பேஸில் நிற்பாள். பல வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வரும் மாஸ்டர் ஒருவர் எங்களோடு நிற்பார், அவருடைய வாதமே இதுதான்: "பந்து உள்ள உருண்டா போதும் தம்பி, மீதியை எதிரணி பார்த்துக்கும்." பள்ளி ஆட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்ட்ரைக்அவுட் என்பது கையில் வந்த காசைத் தூக்கிக் கொடுப்பதுதான்.

இருந்தாலும் இயற்கையிலேயே வேகமான வீச்சு உள்ள ஒரு பிள்ளை வந்தால்? அதைச் சுருக்கச் சொல்லிப் பழக்கினால் இந்த மாத மாவட்ட ஆட்டத்தில் ரெண்டு ரன் கிடைக்கும், ஆனால் தொலைந்த வீச்சைப் பிறகு திரும்பக் கொண்டுவருவது பெரிய பாடு. "மாஸ்டர், கையைத் தொடாதீங்க, கண்ணைப் பழக்குவோம்" என்று நான் கேட்டுக்கொண்டேன். மட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு வீசாமல் நிற்க வேண்டும், பிட்சர் கையை விட்டுப் பந்து வந்ததும் 'உள்ளே', 'வெளியே' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், கேட்சர் பிடித்த இடத்தைப் பார்த்து நாங்கள் சரியா தவறா என்போம். பந்து பாதி தூரம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும், தாமதமாகச் சொன்னால் செல்லாது. பிள்ளைகளுக்கு இது முதலில் சலிப்பாக இருக்கும், போட்டியாக மாற்றிவிட்டால் விடமாட்டார்கள்.

சுருக்க வேண்டிய இடம் என்று நான் ஒப்புக்கொள்வது ஒன்றுதான்: மூன்றாவது பேஸில் ஆள், ஒரு அவுட்டோ அதற்கும் குறைவோ, ஒரு ரன் வேண்டிய கடைசி இன்னிங்ஸ். அங்கே இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டால் பிடியை ஓர் அங்குலம் மேலே ஏற்றிக்கொள்ளட்டும். பிடியை ஏற்றினால் பலம் போய்விடும் என்கிற பயமும் வேண்டாம், பெரிய ஹோம்ரன் ஆட்டக்காரரான பேரி பாண்ட்ஸ் எப்போதும் மேலே பிடித்துத்தான் ஆடினார், 2004-இல் 45 ஹோம்ரன், 41 ஸ்ட்ரைக்அவுட். மற்ற நேரத்தில், பேஸில் ஆளே இல்லாதபோது, இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகும் அந்த வேக வீச்சுப் பிள்ளை முழுதாக வீசட்டும். மாஸ்டர் இன்னும் எல்லாரும் சுருக்கித்தான் அடிக்க வேண்டும் என்கிறார். நாலாவதாக இறங்குகிற அந்தப் பிள்ளை விஷயத்தில் மட்டும் நான் அதற்கு ஒத்துக்கொள்வதாக இல்லை.