வாத்து வேட்டைக்கு நாய் பழக்க ஆள் தேடுகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கலிஃபோர்னியாவில் சேக்ரமெண்டோ பக்கம் வாத்து வேட்டைக்குப் போகும் தமிழர்கள் அதிகம் பேர் இல்லை. இருக்கும் சிலரில் இரண்டு பேர் அண்மையில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். லாப்ரடார் குட்டி வாங்கியிருக்கிறோம், பழக்கித் தர நல்ல ஆள் யாராவது தெரியுமா? ஒருவர் ஏற்கெனவே ஓர் ஆளைப் பார்த்து வைத்திருந்தார். என் பணத்தை வாங்கிக்கொண்டு என் நாயைப் பயந்தாங்கொள்ளியாக்கித் திருப்பித் தந்த அதே ஆள். அவரிடம் போனில் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். ஆளின் பெயரைப் போடவில்லை. அவர் வேலை செய்யும் விதம் தெரிந்தால் போதும், இதே விதத்தில் செய்கிறவர்கள் வேறு பேரும் இருக்கிறார்கள்.

வேட்டையே பாவம் என்பவர்களோடு இங்கே வாதாடப் போவதில்லை. ஆனால் வாத்து வேட்டை என்று வந்துவிட்டால் நாய் இல்லாமல் போவதுதான் பெரிய பாவம். இங்கே அறுவடை முடிந்த நெல் வயல்களில் தண்ணீர் கட்டிவிடுவார்கள். அலாஸ்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் பறவைகள் இறங்கும். வேடந்தாங்கலில் நாம் பார்த்த அதே ஊசிவால் வாத்து இங்கே கூட்டம் கூட்டமாக வரும். அடிபட்ட வாத்து கோரைக்குள் நுழைந்துவிட்டால் மனிதக் கண்ணுக்கு அகப்படாது. சுட்ட பறவையை எடுக்க நியாயமான முயற்சி செய்ய வேண்டும் என்பது சட்டமும்கூட. இடுப்பளவு சேற்றில் அரை மணி நேரம் துழாவியும் கிடைக்காத பறவையை ஒரு பழகிய நாய் மோப்பம் பிடித்து இரண்டு நிமிடத்தில் கொண்டுவந்துவிடும்.

அதற்காகத்தான் மணியை வாங்கினோம். கறுப்பு லாப்ரடார், நெஞ்சில் சின்ன வெள்ளைப் பொட்டு. வளர்ப்பவர் நேர்மையானவர். தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே சான்று இருந்தது. கடுமையாக ஓடினால் பின்னங்கால் துவண்டு விழவைக்கும் ஈஐசி என்ற பரம்பரைக் கோளாறுக்கான மரபணுச் சோதனையிலும் இரண்டும் சுத்தம். குட்டியும் சளைத்ததல்ல. நான்கு மாத வயதிலேயே பம்பரை (தண்ணீரில் மிதக்கும் பயிற்சிக் கட்டை) எறிந்தால் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து காலடியில் போடும். வெடிச்சத்தம் மட்டும் அதற்கு நாங்கள் இன்னும் காட்டவில்லை. அதைத் தெரிந்தவர் கையில் விடுவோம் என்று காத்திருந்தோம்.

பால்பல் விழுந்து நிரந்தரப் பல் முளைத்தபின், ஆறேழு மாத வயதில்தான் முறையான பயிற்சிக்கு அனுப்புவார்கள். மே மாதம் அந்தப் பயிற்சியாளரிடம் கொண்டுபோய் விட்டோம். மாதம் 950 டாலர், பயிற்சிக்கான புறா, வாத்துச் செலவு தனி. "அக்டோபர் கடைசியில் சீசன் தொடங்கும்போது இவனைப் படகில் ஏற்றி நேராக வேட்டைக்குப் போகலாம்" என்றார். இப்போது அந்த வாக்கை யாராவது சொன்னால் அங்கேயே வண்டியைத் திருப்பிவிடுவேன். ஒரு வயதுகூட ஆகாத நாய் எந்த வேகத்தில் கற்கும் என்று பார்க்காமலே தேதி சொல்ல நல்ல பயிற்சியாளர் யாருக்கும் வாய் வராது. பல பேர் முதல் சீசனில் நாயை அழைத்துப் போனாலும் தாங்கள் சுடமாட்டார்கள். துப்பாக்கியைக் கூட வருபவரிடம் கொடுத்துவிட்டு நாயை மட்டும் கவனிப்பார்கள்.

சரி, விட்டாயிற்று. பார்க்க வரலாமா என்று கேட்டால், உரிமையாளர் முகத்தைப் பார்த்தால் நாயின் கவனம் சிதறும், முதல் இரண்டு மாதம் வேண்டாம் என்றார். முதல் ஒன்றிரண்டு வாரத்துக்கு அப்படிச் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. இரண்டு மாதத்துக்கு இல்லை. அதற்குப் பதிலாக வீடியோ அனுப்பினார். ஜூலையில் வந்த ஒரு வீடியோவை வீட்டில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். கறுப்பு நாய் ஒன்று குளத்தின் அக்கரைவரை நீந்திப்போய் வாத்தைக் கவ்வி, நேர்க்கோட்டில் திரும்பி வந்து, உட்கார்ந்து கையில் கொடுத்தது. என் மனைவி அதைச் சென்னையில் இருக்கும் மாமியாருக்கெல்லாம் அனுப்பினாள்.

அந்த வீடியோவில் பேச்சே கேட்காது, பின்னணியில் கிடார் இசை ஓடும். லாப்ரடார் போல, சுட்ட பறவையை எடுத்துவரும் ரெட்ரீவர் வகை நாயை, விழுவதைக் கண்ணால் பார்த்த பறவைக்கு அனுப்பும்போது பெயர் சொல்லித்தான் அனுப்புவார்கள். பெயர்தான் 'போ' என்ற கட்டளை. அதனால்தான் ஓரசை ஈரசையில் பெயர் வைக்கச் சொல்கிறார்கள். உங்கள் நாயின் வீடியோ என்றால் உங்கள் நாயின் பெயர் அதில் கேட்க வேண்டும். இசை போட்டு மூடிய வீடியோ வந்தால் ஒலியோடு இன்னொன்று கேளுங்கள்.

செப்டம்பர் கடைசியில் பேச்சு மாறியது. மணிக்கு உள்ளே நெருப்பு இல்லை, வளர்த்தவர் ஏமாற்றிவிட்டார், இந்த நாய் தேறாது என்றார். அடுத்த வாக்கியமே, தன்னிடம் பாதி பழகிய நாய் ஒன்று இருக்கிறது, உங்களுக்கென்றால் 6,000 டாலருக்குத் தருகிறேன், மணியை நானே வைத்துக்கொண்டு நல்ல வீடு பார்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்பது. ஜூலையில் குளத்தைக் கடந்த நாய் செப்டம்பரில் எப்படித் தேறாமல் போனது என்று கேட்டேன். சில நாய்கள் அப்படித்தான் என்றார். அன்றே போய் மணியைக் கூட்டி வந்துவிட்டோம்.

கதவைத் திறந்ததும் பாய்ந்து வரும் நாய் சோபாவுக்குப் பின்னால் போய்ப் படுத்தது. "குக்கர் விசில் அடிச்சா நடுங்குறான், வந்து பாருங்க" என்று மனைவி கூப்பிட்டாள். எலும்பு தெரிந்தது. கழுத்தில் மயிர் உதிர்ந்து இரண்டு புண்கள். ஈ-காலர் எனப்படும் மின்பட்டையின் முனைகள் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் தோல் இப்படி வெந்து போகும் என்றார் கால்நடை மருத்துவர். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கட்டாதீர்கள், இடம் மாற்றிக் கட்டுங்கள் என்று பட்டை செய்கிறவர்களின் கையேடுகளே சொல்கின்றன. கட்டியவர் நாள்கணக்கில் கழற்றவே இல்லை. கால் விரலிடுக்கில் ஃபாக்ஸ்டெயில் புல்லின் முள்விதை ஒன்று ஏறிச் சீழ் வைத்திருந்தது. கலிஃபோர்னியாக் கோடையில் நாய் வைத்திருப்பவர்கள் தினமும் காது, மூக்கு, விரலிடுக்கு பார்ப்பது பல் தேய்ப்பதுபோல் வழக்கம். மாதம் 950 வாங்கும் இடத்தில் அதுகூட நடக்கவில்லை.

உண்மை வெளியே வந்தது நவம்பரில். சேக்ரமெண்டோ பள்ளத்தாக்கின் சரணாலயங்களில் சனி, ஞாயிறு, புதன்கிழமைகளில் வேட்டைக்கு அனுமதி உண்டு. முன்பதிவு கிடைக்காதவர்கள் விடியுமுன் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்கும். பக்கத்து டிரக்காரரிடமும் ஒரு கறுப்பு லாப்ரடார் இருந்தது, ஆனால் வண்டியை விட்டு இறங்க மறுத்தது. எங்கே பழக்கினீர்கள் என்று கேட்டேன். அதே ஆள். போனை எடுத்து, "ஜூலையில் இப்படி இருந்தான் பாருங்கள்" என்று காட்டினார். அதே குளம், அதே கிடார், அதே வீடியோ. அவருக்கு அது அவருடைய நாய் என்று போயிருக்கிறது, எனக்கு மணி என்று.

பிறகு அந்தப் பயிற்சியாளரிடம் கூண்டு கழுவும் வேலை பார்த்த ஒரு பையனை டிரக்காரர் தேடிப் பிடித்தார். அவன் சொன்னது இதுதான். இளம் நாய்களை வரிசையாகச் சங்கிலியில் கட்டிவிட்டு, பழகிய நாய்களுக்குப் பயிற்சி நடக்கும்போது கட்டிக்கிடக்கும் இளம் நாய்களின் தலைக்கு மேலேயே 12 போர் (bore) அளவுள்ள பெரிய வேட்டைத் துப்பாக்கியால் சுடுவாராம் பயிற்சியாளர். கேட்டுக் கேட்டுத் தானாகப் பழகிவிடும் என்பது அவர் கணக்கு.

துப்பாக்கிக்குப் பயப்படும் நாய் பிறவியிலேயே அப்படி அமைவது குறைவு. பெரும்பாலும் மனிதன் உண்டாக்குவது. ஒழுங்கான வழி என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் நாய்க்குப் பறவைப் பைத்தியம் பிடிக்க வேண்டும். செத்த புறா, அப்புறம் சிறகு கட்டிய உயிர்ப் புறா, அப்புறம் பறக்கும் புறா. அதன் பின்னால் நாய் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும் அந்த நொடியில், நூறு கஜத்துக்கு அப்பால் ஒருவர் நின்று ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கிவைக்க வெடிப்பார்களே, அந்த மாதிரிச் சின்னத் துப்பாக்கியால் ஒரே ஒரு வெற்றுத் தோட்டா வெடிப்பார். நாய் காதைக்கூட அசைக்காமல் ஓடினால்தான் அடுத்த நாள் கொஞ்சம் கிட்டே. வாலை இறக்கினாலோ திரும்பிப் பார்த்தாலோ மறுபடி தூரம். சத்தம் கேட்டால் பறவை வரும் என்று நாயின் மனதில் முடிச்சு விழுந்தபின்தான் பெரிய துப்பாக்கி. வாரக்கணக்கில் ஆகும் வேலை. கட்டிப்போட்ட நாய்க்கு ஓட வழியும் இல்லை, துரத்தப் பறவையும் இல்லை, சத்தம் மட்டும்தான் இருக்கிறது. தண்ணீருக்கும் இதே நியாயம். வெதுவெதுப்பான ஆழமற்ற கரையில் நாமும் இறங்கி நின்று அழைக்க வேண்டும். பிடித்துத் தள்ளினால் கெட்டது.

கீழ்ப்படிதலில் தவறு நடந்தால் பிற்பாடு திருத்தலாம். துப்பாக்கியிலும் தண்ணீரிலும் முதல் அனுபவம் கெட்டால் அதைச் சரிசெய்யும் பாடு சொல்லி மாளாது. அந்த இரண்டு நாளும் உரிமையாளர் அங்கே இருக்க வேண்டும். வரக்கூடாது என்று சொல்லும் இடத்தில் குட்டியை விடாதீர்கள்.

பணத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தில் விளைவுக்கு உத்தரவாதம் இல்லை என்று இருந்தது. அதில் தப்பில்லை, நேர்மையானவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் வேறு நாயின் வீடியோவைக் காட்டி அடுத்தடுத்த மாதத்துக்குப் பணம் வாங்குவது வேறு. கேட்டதற்கு, உதவியாளர் மாற்றி அனுப்பிவிட்டார் என்று ஒரு வரி பதில். அதன்பின் போன் எடுக்கவில்லை. ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப்பரிமாற்றச் சேவை வழியாக மட்டும்தான் பணம் வாங்கியிருந்தார், அதனால் வங்கி கைவிரித்துவிட்டது. நாமே அனுப்பிய பணத்தை அதில் திரும்பப் பெறுவது கடினம். கிரெடிட் கார்டு என்றால் ஆட்சேபிக்க ஒரு வழியாவது இருந்திருக்கும்.

சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனோம், நானும் அந்த டிரக்காரரும் தனித்தனியாக. கலிஃபோர்னியாவில் 2024 முதல் தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம். இரு பக்கமும் வக்கீலை நிறுத்த முடியாது. மனுச் செலவு தொகைக்கேற்ப 30 முதல் 75 டாலர் வரை. வழக்குப் போட்டவர் தோற்றால் மேல்முறையீடு கிடையாது என்பதால் காகிதங்களை முதலிலேயே ஒழுங்காகக் கொண்டுபோங்கள். நாய் பழகவில்லை என்ற புகாரை நீதிபதி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வீடியோ இரண்டு பேருக்கு வெவ்வேறு பெயரில் வந்ததை அருகருகே காட்டியதும், கழுத்துப் புண்ணுக்கான மருத்துவர் கடிதமும்தான் வேலை செய்தன. கட்டணத்தில் பாதியும் மருத்துவச் செலவும் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. தவணை தவணையாக வருகிறது, கேட்டுக் கேட்டு.

மணியை இப்போது உள்ளூர் ரெட்ரீவர் சங்கத்தின் பயிற்சி நாள்களுக்குக் கூட்டிப் போகிறேன். உறுப்பினர் கட்டணம் சொற்பம். முப்பது வருடமாக நாய் பழக்கும் ஒரு பெரியவர் காசு வாங்காமல் சொல்லித் தருகிறார். பம்பருக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. நீந்துகிறான். துப்பாக்கிச் சத்தம் மட்டும் இன்னும் தூரத்தில்தான். இந்த சீசனும் வீட்டில்தான் இருப்பான், அடுத்ததைப் பார்க்கலாம் என்கிறார் பெரியவர்.

புதிதாக ஆள் தேடுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்றிரண்டு. அமெரிக்காவில் நாய்ப் பயிற்சியாளராக உரிமம் எதுவும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். ஆகவே சுவரில் மாட்டிய செத்த வாத்துப் படங்களைப் பார்க்காமல், அவர் பழக்கிய நாய்கள் வேட்டைத் தேர்வுகளில் வாங்கிய பட்டங்களைக் கேளுங்கள். ஜூனியர், சீனியர், மாஸ்டர் என்று அமெரிக்கன் கென்னல் கிளப் கொடுக்கும் பட்டம் நாயின் பதிவுப் பெயரோடு சேர்ந்திருக்கும், சரிபார்த்துவிடலாம். தினம் என்ன செய்தார் என்ற குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சொல்லாமல் ஒரு நாள் போய் நில்லுங்கள். உங்கள் நாய் இப்போதே அப்படி ஓர் இடத்தில் இருந்து வீடியோ மட்டும் வந்துகொண்டிருந்தால், இந்த வாரக்கடைசியிலேயே போய் அதை ஒரு தடவை உங்கள் முன்னால் ஓடவிடச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் அன்றைக்கே கூட்டி வந்துவிடுங்கள், மீதிக் கட்டணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.