உலகப் பாரம்பரியக் குழுக் கூட்டங்களின் நேரலை: மொரீஷியஸின் போர்ட் லூயியில் உட்கார்ந்து பார்க்கலாமா?

எந்த இடங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேரும் என்று முடிவுசெய்யும் குழுவின் கூட்டங்களை யுனெஸ்கோ காசு வாங்காமல் இணையத்தில் காட்டுகிறது. முடிந்த கூட்டங்களின் பதிவுகளும் ஆவணங்களும் கிடைக்கும். அந்தக் குழுவின் வெறும் 21 இருக்கைக்கு நாடுகள் ஏன் இப்படி மோதுகின்றன என்பது இதைப் பார்த்தால் புரியும். ஆனால் எங்கே தொடங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தேர்தல் நாளில் தொடங்க வேண்டாம். ஒற்றைப்படை ஆண்டுகளில் பாரிஸில் உலகப் பாரம்பரிய உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் பொதுச்சபை கூடி வாக்களிக்கும்; 2023 நவம்பரில் 9 இடங்களுக்கு நடந்தது. ரகசிய வாக்கு என்பதால் திரையில் பார்க்க அதிகம் இல்லை. 'நீ இங்கே எனக்குப் போடு, நான் அங்கே உனக்குப் போடுகிறேன்' என்ற பேச்செல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். விதிமுறைகளைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் ஓரளவு சுவாரசியம் வரும். காலியிடத்தைவிட ஒரு பெயரைக் கூடுதலாகக் குறித்தால் சீட்டு செல்லாது. பாரம்பரிய நிதிக்கு நடப்பு ஆண்டும் முந்தைய ஆண்டும் பாக்கி வைத்த நாடு தேர்வாகவே முடியாது. பதவிக்காலம் 6 ஆண்டு. மற்றவர்களுக்கும் முறை வரட்டும் என்று பெரும்பாலானோர் 4-லேயே இறங்கிவிடுகிறார்கள்.

பார்க்க வேண்டியது குழுவின் ஆண்டுக் கூட்டம், அதிலும் '8பி' என்ற பகுதி. புதிய இடங்கள் பட்டியலுக்கு வருவது அங்கேதான். பண்பாட்டு இடங்களுக்கு இகோமோஸ் என்ற நிபுணர் அமைப்பின் மதிப்பீட்டைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். நிபுணர்கள் 'ஒத்திவை' என்று எழுதியிருப்பார்கள். அப்படியென்றால் கோப்பை அடியிலிருந்து திருத்தி, மறுபடி ஒன்றரை ஆண்டு மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். பிறகு ஒரு நாடு கையைத் தூக்கும், இன்னொன்று வழிமொழியும். திரையில் வரைவுத் தீர்மானத்தின் அந்தச் சொல்லுக்குக் குறுக்கே கோடு விழுந்து, பக்கத்தில் 'பட்டியலில் சேர்' என்று ஏறும். வாக்கெடுப்புக்குப் போனால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், 21 பேரும் வாக்களித்தால் 14. பெரும்பாலும் அது வரைக்கும் போகாது.

இதில் உயிரான விதி ஒன்று உண்டு. தன் இடத்துக்காக எந்த நாடும் தானே வாதாடக் கூடாது. குழுவில் உறுப்பினராக இருந்தாலும் சரி, கேட்ட கேள்விக்குத் தகவல் மட்டும் சொல்லலாம். பரிந்து பேச இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவரைச் சம்பாதிக்கத்தான் இருக்கைக்கு இவ்வளவு அடிபிடி.

நம் நாடு 2005 முதல் 2009 வரை அந்தக் குழுவில் இருந்தது. 2006-இல் வில்னியஸ் கூட்டத்தில், ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் துறையும், 2008-இல் கியூபெக் கூட்டத்தில் லெ மோர்ன் மலையும் பட்டியலேறின. இருக்கையால்தான் கிடைத்தது என்று சொல்ல மாட்டோம். 1834 முதல் 1920 வரை சுமார் 5 லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தத் தீவுக்கு வந்தார்கள், மதராஸிலிருந்து கப்பலேறிய நம் முன்னோரும் அவர்களில் உண்டு. அவர்கள் ஏறிய கல்படிகளுக்கு யார் சிபாரிசும் தேவையில்லை. ஆனாலும் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு மற்ற இருபது பேரும் பழக்கம். வெளியே நிற்பவருக்கு அது இல்லை.

ஒலியைப் பிரெஞ்சிலும் கேட்கலாம், நம்மவருக்கு அது பெரிய வசதி. தமிழ் கிடையாது. பாரிஸில் கூடினால் ஜூலையில் நம் கடிகாரம் 2 மணி நேரம் முன்னால், நவம்பரில் 3. 2026 ஜூலைக் கூட்டம் தென் கொரியாவின் பூசானில்: அங்கே காலை 10 என்றால் இங்கே விடியற்காலை 5. எழ முடியாதவர்கள் 2024 டில்லிக் கூட்டப் பதிவில் 8பி-யை எடுத்து, ஏதாவது ஒரே ஒரு இடத்தின் விவாதத்தை மதிப்பீட்டோடு வைத்து முழுதாகப் பார்க்கட்டும்.