380 வெள்ளி கொடுத்துக் கடிகாரத்தைச் சரிசெய்த கதை – கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போகும் முன் படிச்சிடுங்க

380 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரெண்டு நாளாக என் வாயில் வேறெதுவும் வரவில்லை. மனைவி எதிரில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே, "எழுதுங்க, எழுதினாலாவது ராத்திரி தூங்குவீங்க" என்கிறாள். கடைப் பெயரைப் போடவில்லை. பழைய கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை, அவ்வளவு போதும். என்ன செய்யணும் என்பதைக் கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

போன மாதம் தஞ்சாவூர் போய் பத்து நாள் இருந்துவிட்டு வந்தோம். கிளம்பும்போது ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் போனேன். முப்பது வருடம் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன், அந்தப் பழக்கம் போகாது. திரும்பி வந்து போட்டு, மெயில் பார்க்கும் அவுட்லுக்கைத் திறந்தால், பாதுகாப்பு எச்சரிக்கை என்று ஒரு பெட்டி. மெயில் சர்வரின் சான்றிதழை (அது நிஜமான சர்வர்தான் என்பதற்கான அத்தாட்சி) சரிபார்க்க முடியவில்லை, தொடரவா வேண்டாமா என்று கேட்கிறது. வேண்டாம் என்றால் மெயில் வராது. தொடரலாம் என்றால் கொஞ்ச நேரத்தில் அதே பெட்டி திரும்ப வருகிறது. பேங்க் பக்கத்தைத் திறந்தால் குரோமில் சிவப்பு முக்கோணம். பார்த்த வேகத்தில் மூடிவிட்டேன்.

பயந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். சந்தா ரசீது, உறுப்பினர் விவரம் எல்லாம் அந்த மெயிலில்தான் இருக்கிறது. அதே மெயில் கைப்பேசியில் மட்டும் ஒரு தொல்லையும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

சிபியூவைத் துண்டில் சுற்றி, சந்தைக்குப் போகும் தள்ளுவண்டியில் வைத்து, எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோனேன். கடையில் இருந்தவர் தமிழர், முப்பது வயது இருக்கும். "வாங்கண்ணே, ஊர்ல எங்க?" என்றார். தஞ்சாவூர்ப் பக்கம் என்றதும், "எங்க அம்மாவும் அந்தப் பக்கந்தான்" என்றார். பெயிண்ட் பிரஷ் ஒன்றை எடுத்து ஃபேனில் இருந்த தூசியைப் பொறுமையாகத் தட்டினார். அந்தப் பிரஷ்ஷைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன். வேலை தெரிந்த கை என்று நினைத்தேன். கீழே போய் அவருக்கும் சேர்த்து தே ஓ (பாலில்லாத டீ) வாங்கி வந்தேன்.

வந்தபோது திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். "அண்ணே, உங்க சான்றிதழ் செத்துப்போச்சு. அந்த ஓட்டை வழியா யாரோ உள்ள பூந்து பாக்குறான். புது சான்றிதழ் போடணும், மூணு வருஷத்துக்கு 300 வெள்ளி. பார்த்ததுக்கு 80." நான் தயங்கியதும், "சங்கத்துக் காசு கணக்கெல்லாம் வச்சிருக்கீங்க, நாளைக்கு ஒண்ணு ஆனா நீங்கதானே பதில் சொல்லணும்?" என்றார். சங்கத்தைப் பற்றி நானேதான் உளறியிருந்தேன். பத்து நிமிடத்தில் திரையை என் பக்கம் திருப்பினார். மெயில் மளமளவென்று இறங்கியது. கைப்பேசியிலிருந்தே பணம் அனுப்பும் பேநவ்வில் 380 வெள்ளி அனுப்பினேன். போனது கடைப் பெயருக்கு இல்லை, ஒரு ஆளின் பெயருக்கு. அதையும் கவனித்தேன், கேட்கக் கூச்சமாக இருந்தது. ரசீதில் 'சர்வீஸ் 380' என்று மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வந்து பிளக்கைச் சொருகினேன். அதே பெட்டி!

உடனே போன் செய்தேன். "கடையில நல்லா ஓடுச்சேண்ணே, நீங்களே பார்த்தீங்க. உங்க வீட்டு வைஃபைலதான் கோளாறு. புது ரவுட்டர் 120க்குத் தர்றேன்." வேண்டாம் என்றேன். மறுநாள் வேறொரு குரல், "பாஸ் வெளிய போயிருக்காரு லா." அதற்கு மறுநாள் அவரே எடுத்தார், குரலில் அவசரம். "போன்லயே சொல்றேன், நீங்களே மாத்துங்க" என்று அவுட்லுக் செட்டிங்குக்குள் போகச் சொன்னார். 993 என்று இருந்த எண்ணை 143 ஆக்கு, என்கிரிப்ஷன் (மெயிலுக்குப் போடும் பூட்டு) இருக்கும் இடத்தில் 'இல்லை' என்று போடு. போட்டேன். பெட்டி வருவது நின்றது. பேங்க் பக்கம் மட்டும் இன்னும் சிவப்பாக இருக்கிறதே என்றேன். "அது பேங்க் பிரச்சினைண்ணே, அவங்களையே கேளுங்க."

அதன் பிறகு வாட்ஸ்அப்பில் நாலு மெசேஜ். எல்லாவற்றுக்கும் நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. 380 வெள்ளி.

ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் சாப்பிட வந்தான். பாலிடெக்னிக் மாணவன். திரையைப் பார்த்தான், மவுஸைக் கீழே வலது மூலைக்குக் கொண்டுபோனான். "மாமா, நமக்கு இன்னும் 2019 தானா?"

மூலையில் 2019 ஜனவரி 1 என்று இருந்தது. நான் கையில் கடிகாரம் கட்டுகிறவன், திரையின் மூலையைப் பார்த்ததே கிடையாது.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்துபோனால், பிளக்கைப் பிடுங்கியதும் தேதி பழைய காலத்துக்குப் போய்விடும். மல்டிமீட்டரை எடுத்து நானே வைத்துப் பார்த்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்கூட இல்லை. முப்பது வருடம் இந்த வேலை பார்த்தவன்! கீழே கடையில் புதுசு 2 வெள்ளி 80 காசு. போட்டுத் தேதியை மாற்றினோம். பெட்டியும் இல்லை, சிவப்பு முக்கோணமும் இல்லை.

அப்புறம் பையன் விளக்கினான். சான்றிதழ் நம் கம்ப்யூட்டருக்கு வாங்குவது இல்லை, அது மெயில் சர்வரில் இருப்பது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும், நம் கம்ப்யூட்டர் அதைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிடும். 2019இல் நின்றுகொண்டிருக்கும் என் கம்ப்யூட்டருக்கு, இந்த வருடம் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. சில மணி நேரம் தவறினால் விண்டோஸ் தானே திருத்திக்கொள்ளும், இப்படி வருடக்கணக்கில் போனால் திருத்தாமல் விட்டுவிடும். எங்கள் சங்க சர்வரில் இருப்பது லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு கொடுக்கும் சான்றிதழ். இலவசம். காலம் முடிவதற்குள் அதுவாகவே புதுப்பித்துக்கொள்கிறது. நான் மூன்று வருடத்துக்கு 300 வெள்ளி கொடுத்து என்ன வாங்கினேன்? அந்த ஆள் கடையில் செய்தது தேதியை மாற்றியது மட்டும்தான். வழியில் மின்சாரம் இல்லை, வீடு வருவதற்குள் திரும்ப 2019.

அந்தப் பெட்டியைத் திரும்பப் படித்தேன். கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிடும்போது சான்றிதழ் செல்லுபடிக் காலத்துக்குள் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. குரோமும் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்றுதான் சொன்னதாம். என்ன சொல்ல.

இதைவிடப் பெரிய ஆத்திரம் அந்த 143. 993இல் மெயில் பூட்டோடு வரும். அவர் மாற்றச் சொன்னபடி இருந்தால் பாஸ்வேர்டு திறந்த கடுதாசியாகப் போகும். எச்சரிக்கையை நிறுத்தப் பூட்டையே கழற்றியிருக்கிறார், அதுவும் என் கையாலேயே. அன்றைக்கே 993க்கு மாற்றினோம், பாஸ்வேர்டையும் மாற்றியாயிற்று.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. பெட்டி வந்தால் முதலில் மூலையில் தேதியைப் பாருங்க, வருஷத்தோட. தேதி சரியாக இருந்து, சான்றிதழில் இருக்கும் பெயர் பொருந்தவில்லை என்று சொன்னால் மெயில் கொடுக்கிறவரிடம் கேளுங்க, கடைக்காரரிடம் இல்லை. 'தொடரலாம்' அமுக்காதீங்க. பெட்டியில் போன் நம்பர் இருந்தால் அது நிஜமான எச்சரிக்கையே இல்லை, சந்தேகம் வந்தால் மோசடி உதவி எண் 1799ஐக் கூப்பிடுங்க. தனியாள் பெயருக்குப் பேநவ் பண்ணாதீங்க. ரசீதில் என்ன வேலை என்று எழுதச் சொல்லுங்க.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளி வரைக்குமான வழக்குக்கு நம்மைப் போன்றவர்கள் கட்ட வேண்டியது 10 வெள்ளிதானாம். ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ரசீதும் வாட்ஸ்அப் மெசேஜும் பிரிண்ட் எடுத்தாயிற்று. செத்த பேட்டரியைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு அதோடு பின் அடித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கடை திறந்ததும் ஒரு தடவை நேரில் போய்க் கேட்பேன். தரவில்லை என்றால் அங்கிருந்து நேராக மன்றம்தான். 390 ஆனாலும் சரி.